கேட்டவுடன் தரப்படும்

கிளென் ஈடன் ஸ்டேஷனைத் தாண்டி நியூ லின் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, வலது சப்பாத்துக்குள் ஓர் அட்டைத் துண்டு. அட்டை குதிகாலைக் கடித்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கலாம். என் சட்டைப் பையில் வைத்த எதுவும் என்னிடம் நிலைத்ததில்லை என்பதால் நொண்டிக்கொண்டே போனேன். ரயிலுக்குக் காசு இருந்தது. ஆனால் ஸ்டேஷன் அவருடைய சமையலறை ஜன்னலுக்கு நேரே இருந்தது. விடைபெற்றுக் கிளம்பியவன் அரை மணி நேரம் அதே ஜன்னலுக்கு எதிரே பையோடு நின்றால் பார்க்க நன்றாக இராது.

அவர் என்றால், நான் விட்டுவந்த வீட்டை நடத்தியவர். பெயர் சொல்லப்போவதில்லை. நாங்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அக்கா என்போம். பீஜியில் கரும்புத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி ஆக்லாந்துக்கு வந்து, கணவர் போனபின் அறைகளை ஆண்களுக்கு வாடகைக்கு விட்டவர். தகரக்கூரை போட்ட மரவீடு. பின்வளவில் சேம்பு நட்டிருந்தார். அறைக்கு இரண்டு பேராக இருந்தோம். பினாங்கிலிருந்து வந்த ஒரு வெல்டரைத் தவிர எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்.

அக்கா ஆங்கிலமும் இந்தியும் வெளுத்து வாங்குவார். தமிழ், அவருடைய பாட்டன் கப்பலிலிருந்து இறக்கிய கோலத்திலேயே இருந்தது. எழுதப் படிக்க மட்டும் எந்த மொழியிலும் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கப்பல், மீன் தொழிற்சாலை, கம்பளிக் கிட்டங்கி என்று அலைந்து வந்த நான் அந்த வீட்டில் படித்தவன் ஆனது அதனால்தான். நூலகத்தில் தடித்த புத்தகமாகப் பார்த்து எடுத்து வருவேன். பாதிக்கு மேல் படித்ததில்லை. அவர் என்னை வாத்தியாரே என்று கூப்பிடுவார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை.

அவருடைய குணம் ஒன்றுதான். எவராவது எங்காவது எதையாவது தருவதாக எழுதியிருந்தால், அவர் போய்க் கேட்பார்.

ஒரு குடை வாங்கியிருந்தார். அதன் பிடியில் தொங்கிய சீட்டில் வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருந்தது. ஆக்லாந்துக் காற்றில் எந்தக் குடைக்கும் வாழ்நாள் ஒரு குளிர்காலம்தான். கம்பி முறிந்ததும் அந்தச் சீட்டையும் என்னையும் கூட்டிக்கொண்டு நகரத்துக் கடைக்குப் போனார். சீட்டை வாசிக்க ஆள் வேண்டுமாம். கடைப் பையன், அது குடையின் வாழ்நாள், உங்களுடையது இல்லை என்று விளக்கினான். குடை செத்த பிறகுதானே உத்தரவாதம் வேண்டும் என்றார் அக்கா. அவன் மேலாளரைக் கூட்டி வந்தான். மேலாளர் சிரித்துக்கொண்டே வந்து சிரிக்காமல் உள்ளே போனார். அக்கா செத்த குடையை கவுண்டர் மேல் பிணம்போலக் கிடத்திவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைப் பிரித்தார். கடை மூடும் நேரத்தில் புதுக்குடை வந்தது. திரும்பும் வழியில் மழை பிடித்தது. புதுசு என்று அதை விரிக்க விடவில்லை. இரண்டு பேரும் நனைந்தோம். எனக்குத் தடிமன் பிடித்தது.

தேர்தல் நேரத்தில் கதவடியில் போட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றில், ரயில் கடவைக்கு விளக்குப் போடுவோம் என்றிருந்ததை நான் விளையாட்டாக வாசித்துக் காட்டிவிட்டேன். வென்றவருடைய அலுவலகத்துக்கு அக்கா வியாழக்கிழமைதோறும் போனார். நாங்கள் சிரித்தோம். விளக்கு வந்தது. அதன் வெளிச்சம் நேரே என் அறை ஜன்னலில் அடித்து, நான் தூங்க முடியாமல் போனது தனிக் கதை.

சம்பள நாளில் நாங்கள் மிச்சப் பணத்தை அவரிடம் கொடுத்து வைப்போம். வங்கியில் காட்டக்கூடிய கடிதங்கள் எங்களில் பாதிப் பேரிடம் இல்லை. மீதிப் பேருக்கு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ள வெட்கம். எங்களில் ஒருவர் மட்டும் ஊரில் வங்கிக் கிளார்க்காக இருந்துவிட்டு இங்கே உருளைக்கிழங்கு பொதி செய்துகொண்டிருந்தார். அவரைக் கணக்கர் என்போம். அவருக்கு வங்கியை உள்ளேயிருந்து பார்த்த பயம். கொழும்பில் தங்கியிருந்த மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடுவதற்காக அவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் நீட்டிய பணத்தில் ஒரு தாளை உருவி அக்கா என்னிடம் தந்தார்.

"வாத்தியாரே, இதுல என்னா எழுதியிருக்குன்னு படி."

"இது சட்டப்படி செல்லுமாம், அக்கா."

"யாரு என்னா தர்றேன்னு சொல்றாங்க?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் ஒரு பறவை. "ஒருத்தரும் ஒண்டும் தாறதாச் சொல்லேல்லை."

"அப்ப இது உத்தரவு. வாக்கு இல்ல."

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். என் கட்டிலின்கீழ் அப்போது இந்த நாட்டுப் பழைய வங்கிகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. படம் பார்க்க எடுத்தது. அதில் கண்டதை அவிழ்த்து விட்டேன். ஒரு காலத்தில் இங்கே அரசாங்கமா நோட்டு அடித்தது? ஒவ்வொரு வங்கியும் தன் படம், தன் நிறம் என்று தானே அச்சடித்தது. தேம்ஸ் என்ற இந்த நாட்டு ஊர்ப் பக்கம் தோண்டிய தங்கம் வங்கியின் இரும்புப் பெட்டிக்குப் போனது. அதற்கு ஈடாகத் தாள் வெளியே வந்தது. கொண்டுவருபவர் கேட்டவுடன் தரப்படும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும், இனித் தாளுக்குத் தங்கம் தரத் தேவையில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பிறகு ஒரு நாள் நோட்டடிக்கும் வேலையையும் தானே எடுத்துக்கொண்டது.

அக்கா ரொட்டி மாவில் வைத்த கையை எடுக்கவில்லை. "அதுக்கு முன்னாடி, கேட்டா குடுத்தாங்களா?"

"குடுத்தவையாம்."

"சண்ட வந்ததும் ஏன் நிறுத்துனாங்க?"

"எல்லாரும் ஒரேயடியாக் கேட்டிடுவினம் எண்டு பயம்."

"கேக்கத்தானே எழுதுனது?"

அன்றைக்குத்தான் தன் பாட்டனைப் பற்றிச் சொன்னார். பாட்டன் கிர்மிட்டில் கைநாட்டு வைத்து பீஜிக்குக் கப்பலேறியவர். கிர்மிட் என்றால் தோட்டக் கூலிகளின் ஒப்பந்தம். பத்து வருஷம் இருந்தால் இலவசமாகத் திருப்பி அனுப்புவோம் என்று அதில் இருந்ததாம். பத்து வருஷம் முடிந்தது. பாட்டன் கேட்கவில்லை. அவர்களுக்கே தெரியும், கூப்பிடுவார்கள் என்று நம்பிக் காத்திருந்தார். காத்திருந்தே செத்தார். கேட்டவர்கள் போனார்கள் என்றார் அக்கா. குரலில் துக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்தது. அது வெள்ளைக்காரன்மேல் அல்ல, பாட்டன்மேல்.

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மாதிரி எனக்கும் எழுது" என்றார்.

இப்படித்தான் கிளென் ஈடனில் ஒரு வங்கி தொடங்கியது. அச்சகம் நான். காலைச் சாப்பாட்டுப் பெட்டியின் அட்டையைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, 'இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் ஒரு சவரன் தங்கம் தரப்படும்' என்று எழுதுவேன். எங்களுக்கு அது பவுண், அவருக்குச் சவரன். அவர் வங்கி, அவர் சொல். கீழே தன் கட்டைவிரலை நீல மையில் தோய்த்து வைப்பார். ஒருவரின் பணம் ஒரு சவரனுக்குச் சேர்ந்ததும் நகரத்தில் பழைய நாணயக் கடைக்குப் போய் வாங்கி வருவார். தோட்டத்துப் பெண்கள் கூலியைச் சவரனாக மாற்றி, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்களாம். அவருக்குத் தெரிந்த வங்கி அதுதான். தங்கத்தை எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

சீட்டு வீட்டுக்குள் பணமாகவே ஓடியது. சீட்டாட்டத்தில் தோற்றவன் சீட்டாகக் கொடுத்தான். பினாங்குக்காரர் ஒரு சீட்டுக்குக் கணக்கரிடம் சைக்கிள் வாங்கினார். மூலையில் டெய்ரி என்ற சில்லறைக் கடை நடத்திய குஜராத்திக்காரர் ஒரு தடவை சாமானுக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு, சந்தேகத்தோடு மறுநாளே அக்காவிடம் நீட்டினார். அக்கா சவரனை எடுத்து வைத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்து, அந்த அட்டையையே தாருங்கள், கல்லாவில் வைக்க அதுதான் சுகம் என்று வாங்கிப் போய், பிறகு எங்களில் ஒருவருக்கே அதை மாற்றிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையெழுத்து அவ்வளவு அழகில்லை.

அது பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருந்த எண்பத்தேழாம் வருஷம். நான் வேலை செய்த சப்பாத்துத் தொழிற்சாலைக் கேன்டீனில், தோல் வெட்டுகிறவன் முதல் தரை கூட்டுகிறவன் வரை எல்லோரும் பங்கு வாங்கியிருந்தார்கள். நானும் என் சீட்டுகளை அக்காவிடம் நீட்டிச் சவரன்களை வாங்கி, நகரத்தில் விற்று, ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டபோது, வேறு கம்பெனிகளை வாங்குகிறது என்றார்கள். அது எனக்குப் போதுமான பதிலாகப் பட்டது. ஒரே ஒரு சீட்டு மட்டும் தப்பியது. அந்தப் பழைய வங்கிகளின் புத்தகத்தில் பக்கம் அடையாளத்துக்கு வைத்து மறந்துபோனதால்.

பங்குப் பத்திரம் வந்தது. ஓரமெல்லாம் பூவேலை. அக்காவிடம் காட்டினேன். வாசிக்கச் சொன்னார். இன்னார் இத்தனை பங்குக்குச் சொந்தக்காரர் என்று வாசித்தேன்.

"கேட்டா என்னா தருவான்?"

"கேக்கிறேல்லை அக்கா. விக்கிறது."

"யாருகிட்ட?"

"என்னைப்போல இன்னொருத்தனிட்ட."

"அவன் வரலன்னா?"

சிரித்தேன். படிக்காதவர், பாவம் என்று நினைத்தேன்.

ஒக்டோபரில் அந்த இன்னொருத்தன் வரவில்லை. என் பத்திரத்தின் பெறுமதி, அதன் பூவேலைக்குக்கூடக் காணாது என்றாகிவிட்டது. தனியாக விழுந்து கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரம் பார்த்துத்தான் வங்கிப் புத்தகத்தின் இரண்டாம் பாதியையும் வாசித்தேன். வாழ்க்கையில் நான் முடித்த ஒரே தடித்த புத்தகம் அது. முடிக்காமல் விட்டிருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டில், மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, எந்த வங்கியும் அச்சடித்த தாள் அவ்வளவுக்கும் தங்கம் வைத்திருந்ததில்லை, எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அந்தத் தொழிலே நடந்தது என்று அறிவித்தேன். அக்காவைச் சொல்லவில்லை. வங்கிகளைத்தான் சொன்னேன். அக்கா பின்வளவில் சேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார்.

கணக்கர் கையைக் கழுவிவிட்டு வந்து மெல்லக் கேட்டார்.

"தம்பி, நீர் எழுதின சீட்டு எத்தினை எண்டு உமக்குத் தெரியுமெல்லே? பவுண் எத்தினை எண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதைவிட மோசமான பதில் எதுவும் இருந்திருக்க முடியாது.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா சமையலறைக் கதவைத் திறந்தபோது, கோடையிலும் ஒன்பதுக்கு முன் எழும்பாத ஆட்கள் தலைசீவி வரிசையாக நின்றார்கள். முதலில் கணக்கர். அவருடைய கைநிறையச் சீட்டு. மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான மூன்று விமான டிக்கெட் அந்தச் சீட்டுகளில்தான் இருந்தது. மூன்றும் அட்டை, எழுதியவன் நான். தங்கம் இல்லையென்றால் அந்த மனுஷி கொழும்பில் எவ்வளவு காலம் கிடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அக்கா எங்களைப் பார்த்தார். "எல்லாருமா?" என்று மட்டும் கேட்டார். தேத்தண்ணீர் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு மா டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஒரு பால்மா டின்னை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு சீட்டாக வாங்கி, தன் கைநாட்டை விரலால் தடவிப் பார்த்து, தண்ணீர் நிரம்பிய பேசினில் போட்டார். மை கரைந்தது. சீட்டுக்கு ஒன்றாகச் சவரன் வந்தது. கணக்கர் தன்னுடையதை எண்ணினார், மறுபடி எண்ணினார், சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். பினாங்குக்காரர், தன் சீட்டொன்று சலவை மெஷினுக்குள் காற்சட்டையோடு போய்விட்டது, பரவாயில்லை லா என்று நெளிந்தார். அட்டைதானே கரைந்தது, தங்கம் கரையுமா என்று அக்கா அவருக்கும் ஒன்று வைத்தார்.

டின்னின் அடியில் ஒரு சவரன் மிச்சம் இருந்தது. மாவைத் தட்டிவிட்டு அதை எடுத்து என்னைப் பார்த்தார்.

"உன்னுது ஒண்ணு வெளிய இருக்கே, வாத்தியாரே."

"இருக்கட்டும் அக்கா. எனக்கு உங்களில நம்பிக்கை இருக்கு."

நெருப்பை மூட்டியவனே வாளியோடு வரிசையில் நிற்க வெட்கம். அதற்கு நான் வைத்த பெயர்தான் நம்பிக்கை. வரிசையில் நின்ற அத்தனை பேர்மேலும் வராத கோபம் அக்காவுக்கு என்மேல் வந்தது.

"நம்பிக்கையா? எங்க பாட்டனும் இப்படித்தான் நம்புனாரு. கேக்கறவனுக்குக் குடுத்துட்டு நான் தூங்குவேன். கேக்காதவன வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது?"

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரம் வீடு முழுக்கப் பூட்டு. ஒரே அறையில் படுத்தவர்கள் ஒருவருக்கு ஒருவர் முதுகு காட்டிப் படுக்கப் பயந்தார்கள். ஒருவர் சவரன்களைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க் கால் வீங்கி வந்தார். சீட்டாட்டம் நின்றது, கொடுக்கச் சீட்டு இல்லை, தங்கத்தை வைத்துச் சூதாட ஒருவருக்கும் மனம் இல்லை. கணக்கர் மட்டும் நேரே நகரத்துக்குப் போய் விற்று டிக்கெட் எடுத்துவிட்டார். சந்தை விழாமல், நானும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று தான் காத்துக்கொண்டே இருந்திருக்கக்கூடும் என்று என்னிடம் சொன்னார். நன்றி சொல்கிறாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

மற்றவர்கள் பொதியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகச் சமையலறைக்குத் திரும்பினார்கள். திரும்ப எடுத்துக்கொண்டு பழையபடி அட்டை தாருங்கள் அக்கா என்றார்கள். அவர் ரொட்டியைப் புரட்டிக்கொண்டே மாட்டேன் என்றார். கேட்டீர்கள், கொடுத்தேன், முடிந்தது. சிரித்த முகமாகத்தான் சொன்னார். சண்டை வந்ததும் அரசாங்கம் மூடியது, இங்கே சண்டை முடிந்ததும் மூடியாயிற்று என்று நான் ஒரு பகிடி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள், என் பெயர் மேலே இருந்தது. எனக்கு ஓரிடத்தை விட்டுப் போகக் காரணம் தேவைப்பட்டதில்லை. அந்த முறை காரணங்கள் வரிசையில் நின்றன. பையைக் கட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா ரொட்டியும் அவித்த சேம்பும் சுற்றித் தந்தார். பால்மா டின் அவர் கக்கத்தில் இருந்தது.

"சீட்டு வெச்சிருக்கியா?"

"ஓம், இருக்கு."

"இப்பக் கேளு."

என்னிடம் இருந்த பணம் ஒரு வாரத்துக்குக் காணாது. அந்தச் சவரன் என்னை ஒரு மாதம் தாங்கியிருக்கும். ஆனால் கேட்டு வாங்கிவிட்டால் அந்த வீட்டோடு எனக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும். திரும்பி வர ஒரு சாக்குக்கூட இராது. "பிறகு வந்து கேக்கிறன் அக்கா, போயிட்டு வாறன்" என்றேன். அவர் டின்னை மூடினார். மூடி சரியாக விழவில்லை. மறுபடி அமுக்கி மூடினார்.

அந்த அட்டைதான் சப்பாத்துக்குள் கடித்தது. இப்போதும் என்னிடம் இருக்கிறது. மை மங்கிவிட்டது. கைநாட்டின் கோடுகள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

அன்றிரவு அவொண்டேலில் தெரிந்த ஒருவரின் கராஜில் படுத்தேன். மறுநாள் விடியப்புறம் பால் லொறியில் ஓடும் வேலை கிடைத்தது. வாசலில் வெறும் போத்தல் இருக்கும், அதற்குள் டெய்ரியில் வாங்கிய பிளாஸ்டிக் டோக்கன் இருக்கும். டோக்கனை எடுத்துக்கொண்டு நிறைந்த போத்தலை வைக்க வேண்டும். டோக்கன் இல்லையா, பால் இல்லை என்றான் சாரதி. அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கவும் தேவையில்லை, நான் இந்தத் தொழிலில் பழையவன்.

மூன்றாவதோ நாலாவதோ வாசலில் போத்தலுக்குள் டோக்கன் இல்லை. ஒரு கடதாசித் துண்டு இருந்தது. நாளைக்கு வைக்கிறேன் என்று எழுதியிருந்தது. தெருவிளக்கடியில் பிடித்து இரண்டு தரம் வாசித்தேன். பிறகு படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். லொறியிலிருந்து சாரதி, இந்த நேரத்தில் எவனாவது கதவைத் தட்டுவானா என்று கத்தினான். நைட் கவுன் போட்ட ஒரு கிழவி திறந்தாள். கடதாசியை நீட்டி டோக்கன் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய், எங்கேயோ இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டு, டோக்கனோடு வந்தாள். இருக்கிறது, சோம்பலில் எழுதிவிட்டேன், யாரும் வந்து கேட்பார்கள் என்று நினைக்கவில்லை என்றாள்.

பாலை வைத்துவிட்டுப் படியிறங்கும்போது அட்டை மறுபடி குதிகாலைக் கடித்தது. வேலை முடிந்ததும் நேரே கிளென் ஈடனுக்குப் போய் என்னுடையதையும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குள் சாரதி அடுத்த வாசலுக்கு லொறியை நகர்த்திவிட்டான். பின்னால் ஓடினேன்.